மகன் கபடி ஆடட்டும், பத்திரம் காத்திருக்கட்டும்

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். வயது 17, வரும் ஆவணியில் 18 முடிகிறது. நல்ல ரைடர், அதாவது எதிரணிக்குள் பாடிப்போய் ஆளைத் தொட்டுத் திரும்புகிறவன். பள்ளி அணிக்காக மாநிலப் போட்டி வரை போயிருக்கிறான். கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் மின்னொளி கபடிப் போட்டி ஒன்றில் அவனைப் பார்த்த ஒருவர், தான் சென்னைப் பக்கம் அகாடமி நடத்துவதாகவும், இரண்டே வருஷத்தில் புரோ கபடி லீக்கில் சேர்த்துவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். பையன் அவரை 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறான். அவர் கேட்பது இவ்வளவு: பயிற்சிக்கும் விடுதிக்கும் 3 லட்சம் ரூபாய், 7 ஆண்டு ஒப்பந்தம், அந்த ஏழு ஆண்டில் விளையாட்டால் வரும் எந்த வருமானத்திலும் 35 சதவீதம், நடுவில் விலகினால் 10 லட்சம் இழப்பீடு. பள்ளிக்கூடத்தை இப்போதே நிறுத்திவிட்டு வந்துவிட வேண்டும்.

கணவர் நகையை அடகு வைத்து 1 லட்சம் கொடுத்துவிட்டார். மீதிக்கு, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு காசோலைகளையும் கொடுத்திருக்கிறார். ஒப்பந்தப் பத்திரத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை. தை முடிவதற்குள் போட வேண்டுமாம். பரம்பரையாக வந்த இரண்டு மா நிலத்தை விற்று மீதியை அடைத்துவிடலாம் என்பது கணவரின் யோசனை. மூத்த மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய கல்லூரிக் கட்டணம் பாக்கி நிற்கிறது.

கடிதத்தின் கடைசி வரிகள்: "இவரும் ஒரு காலத்தில் மாவட்டத்துக்கு ஆடியவர். அப்போது இவருக்குச் செலவு செய்ய ஆளில்லை. என் பிள்ளைக்கும் அப்படி ஆகணுமா என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டால் அது பையனைக் கட்டுப்படுத்துமா? நான் தடுப்பது தப்பா?"

சகோதரி, உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இது எட்டாத கனவு ஒன்றும் இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன், 2016இல் பட்னா பைரேட்ஸ் அணித் தலைவராகப் புரோ கபடிக் கோப்பையைத் தூக்கினார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் உங்கள் மாவட்டத்து வடுவூர்ப் பையன் ஒருவர் இருந்தார். ஆகவே உங்கள் மகன் ஆடட்டும், மேலே போகட்டும். நீங்கள் தடுக்க வேண்டியது ஆட்டத்தை அல்ல. அந்தப் பத்திரத்தையும், அந்தக் காசோலைகளையும், நில விற்பனையையும்தான். இந்த மூன்றையும் தடுத்தால் ஆட்டத்தையே தடுத்ததுபோல ஆகிவிடும் என்று உங்கள் வீட்டில் யாரோ நம்பவைத்திருக்கிறார்கள். அங்கேதான் சிக்கல்.

அப்பாவின் கையெழுத்து மகனைக் கட்டுமா?

கட்டாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி இல்லாதவர். அப்படிச் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று, அன்றைக்கு இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1903இலேயே மொகோரி பீபி வழக்கில் சொல்லிவிட்டது. அப்பா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டார் என்பதற்காக, ஒரு பையனின் ஏழு வருஷ உழைப்பையும் வருமானத்தையும் எழுதிக்கொடுத்துவிட முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. ஒருவருடைய சொந்தத் திறமையை நம்பிச் செய்யும் வேலையை 'செய்தே ஆக வேண்டும்' என்று நீதிமன்றம் உத்தரவிடுவதில்லை. 'இந்த அகாடமிக்குத்தான் நீ ஆட வேண்டும்' என்று எந்த நீதிபதியும் உங்கள் மகனைக் களத்தில் இறக்க மாட்டார்.

இதைப் படித்ததும் 'அப்படியானால் போட்டுவிட்டுப் போகலாம், எப்படியும் செல்லாதே' என்று உங்கள் கணவர் நினைக்கக்கூடும். தயவுசெய்து வேண்டாம். இரண்டு காரணங்கள்.

ஒன்று, மகனைக் கட்டாத அந்தப் பத்திரம் அப்பாவைக் கட்டலாம். இந்த மாதிரிப் பத்திரங்களில் 'என் மகன் விலகினால் இழப்பீட்டுக்கு நானே பொறுப்பு' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அது வயது வந்த ஒருவர் தன் பெயரில் கொடுக்கும் வாக்குறுதி. 10 லட்சம் என்று எழுதியிருந்தாலும் நீதிமன்றம் அப்படியே கொடுத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, எழுதிய தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. ஆனால் அதைச் சொல்லி வாதாட நீங்கள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த மனிதருக்கும் இந்தப் பத்திரம் செல்லாது என்பது தெரிந்திருக்கலாம். மைனராக இருந்தபோது செய்ததை 18 ஆனபின் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லி உயிர் கொடுக்க முடியாது. புதிதாக ஒரு ஒப்பந்தம்தான் போட வேண்டும். அதை எப்போது போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆவணியில், பிறந்தநாள் முடிந்த கையோடு, விடுதியில் வைத்து, கூட யாரும் இல்லாத நேரத்தில். 'வீட்டில் 3 லட்சம் செலவாகியிருக்கிறது, அப்பா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார், நீயும் போட்டுவிடு தம்பி' என்றால் எந்தப் பிள்ளை மறுப்பான்? அந்தக் கையெழுத்து செல்லும். அதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. இப்போது கேட்கும் பத்திரம் அந்தக் கையெழுத்துக்குப் போடும் அடித்தளம்.

வயது வந்தபின் போடும் ஒப்பந்தத்திலும் எல்லாமே செல்லும் என்றில்லை. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் 2000இல் ஒரு நிறுவனத்தோடு மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார். காலம் முடிந்த பிறகும், வேறு யார் வாய்ப்புக் கொடுத்தாலும் முதலில் அந்த நிறுவனத்திடம்தான் கொண்டுவர வேண்டும் என்று அதில் ஒரு விதி. 2006இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ஒருவருடைய தொழிலை இப்படிக் கட்டிவைக்க முடியாது என்று ஜாகீர் கான் பக்கம் நின்றது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கு இந்தப் பாதுகாப்பு அவ்வளவாக உதவாது. அதனால்தான் 'ஏழு ஆண்டு' என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கபடியில் 18இலிருந்து 25 என்பது வேகமும் உடம்பும் சேர்ந்து நிற்கும் வயது.

35 சதவீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2023இல் கொண்டுவந்த முகவர் விதிகள், ஆட்டக்காரரின் சம்பளத்தில் முகவர் வாங்கக்கூடிய பங்கை 3 முதல் 5 சதவீதம் என்று வரையறுத்தன. அதை எதிர்த்து முகவர்கள் பல நாடுகளில் வழக்குப் போட்டார்கள் என்பது வேறு. ஆனால் பேச்சு நடப்பது அந்த அளவில். விளம்பர வருமானத்தில் கூடுதலாகக் கேட்பதுண்டு. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதுவும் பயிற்சிக்குத் தனியாகக் கட்டணமும் வாங்கிக்கொண்டு கேட்பதை நான் பேராசை என்றுதான் சொல்வேன்.

காசோலைதான் இன்றைக்கு அவசரம்

பத்திரத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை. காசோலைகளோ அவர் கையில் இருக்கின்றன. கையெழுத்திட்டுத் தொகை எழுதாமல் கொடுத்த காசோலையும், ஒரு கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். உச்ச நீதிமன்றம் 2019இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'கடன் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியது கையெழுத்துப் போட்டவர்தான். அந்த அகாடமிக்காரர் அதில் 2 லட்சம் எழுதினாலும் 10 லட்சம் எழுதினாலும் வழக்கு உங்கள் கணவர் மேல்தான் வரும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வருவது குற்ற வழக்கு.

ஆகவே இந்த வாரமே ஒரு வழக்கறிஞர் மூலம் அவருக்குக் கடிதம் அனுப்புங்கள். அதில் இருக்க வேண்டியது இதுதான்: இந்தத் தேதியில், இந்த எண்ணுள்ள இரண்டு காசோலைகள், மகனின் பயிற்சிக் கட்டணத்துக்குப் பிணையாகத் தொகை எழுதாமல் கொடுக்கப்பட்டன. பயிற்சி தொடங்கவில்லை, ஒப்பந்தமும் ஆகவில்லை. காசோலைகளையும் 1 லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும். இவ்வளவு போதும். திட்டவோ மிரட்டவோ வேண்டாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதன் நகலோடு வங்கியில் 'பணம் தர வேண்டாம்' என்று எழுதிக்கொடுங்கள். அப்படி நிறுத்திவைப்பதே முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நிறுத்திவைத்த காசோலைக்கும் வழக்குப் போட முடியும். அப்போது உங்களுக்குக் கைகொடுப்பது முன்கூட்டியே அனுப்பிய அந்தக் கடிதம்தான்.

அவர் வங்கியில் போட்ட காசோலை பணமாகாமல் திரும்பிவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ் வரும். வந்தால் ஒளித்துவைக்கக் கூடாது. பணத்தைக் கட்டச் சட்டம் தரும் அவகாசம் 15 நாள்; அதற்குள் பதில் கொடுத்துவிட வேண்டும். கிராமத்தில் பல வழக்குகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்: தபால்காரர் கொண்டுவந்த நோட்டீஸ் சாமி படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கும்.

1 லட்சத்தை எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. வங்கி மூலமோ ஜிபேயிலோ என்றால் ஆதாரம் இருக்கிறது. ரொக்கமாக என்றால், 'பணம் வந்தது' என்று அவர் வாட்ஸ்அப்பில் சொன்ன செய்தி ஒன்று இருந்தாலும் போதும், அழித்துவிடாமல் வைத்திருங்கள். அவர் திருப்பித் தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மகன் ஏற்கெனவே சில வாரம் அங்கே தங்கிச் சாப்பிட்டிருந்தால் அதற்கான நியாயமான செலவைக் கழித்துக்கொள்ளச் சம்மதியுங்கள். அதில் பிடிவாதம் வேண்டாம்.

நிலமும் நகையும் மகளும்

இந்த இடத்தில் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நிலத்தைப் பற்றி எழுதும்போது 'அவர் விற்கலாம் என்கிறார்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது பூர்வீகச் சொத்து என்றால் அவர் மட்டும் முடிவு செய்ய முடியாது. தமிழ்நாட்டில் 1989இலேயே இதற்குச் சட்டத்திருத்தம் வந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு பங்கு மகளுக்கும் உண்டு. கல்யாணம் ஆகிவிட்டாலும் உண்டு. மகன் மைனராக இருக்கும்போது அவன் பங்கையும் சேர்த்து விற்றால், அந்த விற்பனையே பின்னால் கேள்விக்கு உள்ளாகும். பத்திரங்களை ஒருவரிடம் காட்டி, நிலம் எப்படி வந்தது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நர்சிங் படிக்கும் பெண், இரண்டு வருஷத்தில் கையில் வேலையோடு வெளியே வரப்போகிறவள். அவளுடைய கட்டணத்தை நிறுத்திவைத்துத் தம்பிக்குக் கட்டுவது, நிச்சயமாக வரக்கூடியதை விட்டுவிட்டு வரலாம் என்பதைத் துரத்துவது. அதைவிட, தனக்காக அக்காவின் படிப்பு நின்றது என்பதை அந்தப் பையன் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். முதலில் அவள் கட்டணத்தைக் கட்டுங்கள்.

பிள்ளைக்குச் செலவு செய்வது வேறு, பிள்ளையை நம்பிக் கடன் வாங்குவது வேறு. கையில் இருப்பதில் அவனுக்கு முட்டையும் பாலும் வாங்கிக்கொடுக்கலாம், நல்ல ஷூ வாங்கலாம், முழங்கால் வலித்தால் எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போகலாம், போட்டிக்குப் போகப் பஸ் காசு தரலாம். இதெல்லாம் போனால் போகட்டும் என்று செய்யும் செலவு. நிலத்தை விற்றுக் கொடுத்தால், அதன்பிறகு அவன் போகும் ஒவ்வொரு ரைடிலும் அந்த இரண்டு மா நிலம் முதுகில் இருக்கும். வலிக்கிறது என்று சொல்ல மாட்டான். அந்த 'அண்ணன்' தவறாக நடந்தாலும் சொல்ல மாட்டான். திரும்பி வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லவே மாட்டான். கேட்டதெல்லாம் செய்து கொடுத்த வீடுகளில், பிள்ளைகள் இப்படி வாய் மூடிப் போனதை என் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

புரோ கபடிக்கு வழி எது?

இதைக் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். லீக்கில் 12 அணிகள். ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர். கூட்டிப் பார்த்தால் மொத்த நாட்டுக்கும், வெளிநாட்டு வீரர்களையும் சேர்த்து, 300 இடத்துக்கு மேல் இல்லை. அணிகள் ஆட்டக்காரர்களை ஏலத்தில்தான் எடுக்கின்றன. 2024 ஏலத்தில் கடைசிப் பிரிவு ஆட்டக்காரரின் அடிப்படை விலை 9 லட்சம். அதில் 35 சதவீதம் போனால் 3 லட்சத்து 15 ஆயிரம். மீதியில் வரிப் பிடித்தம் வேறு. ஏலப் பட்டியலில் பெயர் இருந்தும் யாரும் எடுக்காமல் போகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

லீக்கின் புதிய இளம் வீரர் பிரிவுகூட 18 வயது ஆனவர்களுக்குத்தான். ஆகவே 'தை முடிவதற்குள்' என்ற அவசரம் ஆட்டத்தின் அவசரம் இல்லை. ஆவணி வரை உங்கள் மகன் எந்த வாய்ப்பையும் இழக்கப்போவதில்லை. இன்னொன்று: அணிதான் ஆட்டக்காரருக்குப் பணம் தர வேண்டும். இடம் வாங்கித் தருகிறேன் என்று ஆட்டக்காரர் வீட்டில் பணம் கேட்பவர், தன் கையில் இல்லாத ஒன்றை விற்கிறார்.

அணித் தேர்வாளர்கள் பார்ப்பது அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஆடியவர்களை: மாவட்ட அணி, மாநில ஜூனியர் அணி, பல்கலைக்கழக அணி, தேசியப் போட்டி. அதற்கு மாவட்டக் கபடிக் கழகத்தில் பெயர் இருக்க வேண்டும். பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் துணை வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மகனை மாநிலப் போட்டி வரை கூட்டிப்போனவர் அவர்தானே? நாளைக்கே போய்ப் பாருங்கள். அந்த அகாடமியைப் பற்றி அவரிடமும் மாவட்டக் கழகத்திலும் விசாரியுங்கள். அங்கிருந்து இதற்கு முன் யார் எந்த அணிக்குப் போனார்கள் என்று பெயர் கேட்டு, அந்தப் பையன்களின் பெற்றோரிடமே பேசுங்கள். நேர்மையான அகாடமி என்றால் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. தனியார் போட்டிகளில் ஆடுவதாக இருந்தாலும், அதனால் மாநில அணித் தேர்வுக்குத் தடை வருமா என்று கழகத்திடம் முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

பள்ளியை நிறுத்தக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பொதுத்தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான். பிளஸ் டூ தேறினால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். பொறியியல் கலந்தாய்வில் மட்டும் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் ஒதுக்குகிறார்கள். நல்ல கபடி ஆட்டக்காரனுக்குக் கட்டணத்தைக் குறைத்து, தங்கவும் இடம் கொடுக்கும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குக் கல்லூரி மாணவர்களுக்கான விடுதிகளும் உண்டு. சாப்பாடு, பயிற்சி இலவசம். 3 லட்சம் கொடுத்து வாங்கப்போவதாக நினைத்தது அங்கே இலவசமாகக் கிடைக்கக்கூடும். மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து, எப்போது தேர்வு நடக்கும் என்று கேட்டுவையுங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது; ரயில்வேயும் ஆள் எடுக்கிறது. அதற்கெல்லாம் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட போட்டிச் சான்றிதழும் படிப்புச் சான்றிதழும். மின்னொளிப் போட்டிக் கோப்பைகளைக் கேட்க மாட்டார்கள். இதுவரை வாங்கிய சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, நகல் எடுத்து வையுங்கள்.

காயத்தைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. 2022இல் புரோ கபடியின் தமிழ் தலைவாஸ் அணி முன்னணி ரைடரான பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க அவரால் ஆட முடியவில்லை. அவருக்குப் பின்னால் ஓர் அணி நின்றது. அடுத்த ஆண்டு இன்னும் அதிக விலைக்குப் போனார். உங்கள் மகனுக்கு விடுதியில் தசைநார் அறுந்தால் அறுவை சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவார்கள்? பத்திர வரைவில் அதற்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அதேபோல உடம்பு ஏற்றுவதற்கு என்று யாராவது பொடியோ ஊசியோ கொடுத்தால் மருத்துவர் சீட்டில்லாமல் தொடக் கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் நான்கு ஆண்டு வரை தடை வரலாம். 'அண்ணன் கொடுத்தார், என்னவென்று தெரியாது' என்ற பதிலை யாரும் ஏற்க மாட்டார்கள். உடம்புக்குள் போனதற்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு.

வெளியூர் விடுதியில் பையனைத் தனியாக விடும்போது பெண் பிள்ளைக்குப் பார்க்கும் அத்தனையும் ஆண் பிள்ளைக்கும் பார்க்க வேண்டும். யார் கூடத் தங்குகிறார்கள், இரவில் யார் பொறுப்பு, போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் ஆண் குழந்தைகளுக்கும் உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அவன் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

மகனிடம் பேசினீர்களா?

நான்கு பக்கக் கடிதத்தில் கணவர் சொன்னது இருக்கிறது, அகாடமிக்காரர் சொன்னது இருக்கிறது, உங்கள் அண்ணி சொன்னதுகூட இருக்கிறது. உங்கள் மகன் என்ன சொல்கிறான் என்பதற்கு ஒரு வரி இல்லை. ஆவணிக்குப் பிறகு சட்டத்தின் முன் பேசப்போகிறவன் அவன் ஒருவன்தான். இப்போது நீங்கள் அழுதோ சண்டை போட்டோ இந்தப் பத்திரத்தை நிறுத்திவிடலாம். ஆனால் 'அம்மா எனக்கு எதிரி' என்று அவன் முடிவு செய்துவிட்டால், அடுத்த பத்திரம் உங்கள் வீட்டு வாசலுக்கே வராது.

அதனால் அவனிடம் எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள். நகை எவ்வளவுக்கு அடகில் இருக்கிறது, அக்காவின் கட்டணம் எவ்வளவு, ஒப்பந்தத்தில் 35 சதவீதம் என்றால் என்ன என்று. 17 வயதுப் பையனுக்கு இதெல்லாம் புரியும். ஒரே ஒரு வாக்குறுதி கேளுங்கள்: யார் எதை நீட்டினாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நகலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். பதிலுக்கு நீங்களும் ஒன்று சொல்லுங்கள்: எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம், 'எவ்வளவு செலவானது தெரியுமா' என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டோம். இதை உங்கள் கணவர் வாயால் அவன் கேட்க வேண்டும்.

கணவரிடம் பேசும்போது அந்த அகாடமிக்காரரைத் திட்டி ஆரம்பிக்காதீர்கள். அவரோடு சேர்த்துத் தன்னையும் முட்டாளாக்குவதாக அவர் எடுத்துக்கொள்வார். அவர் ஆடிய நாட்களைப் பற்றிக் கேளுங்கள். அவருக்கு அன்றைக்கு இல்லாமல் போனது 3 லட்சம் ரூபாய்தானா, இல்லை பக்கத்தில் நின்று விஷயம் தெரிந்து பேச ஓர் ஆளா என்று கேட்டுப் பாருங்கள். மகனுக்கு அந்த ஆளாக இருக்க அவருக்கு முழுத் தகுதி இருக்கிறது. மாவட்டக் கழகத்துக்கும் கல்லூரித் தேர்வுகளுக்கும் மகனோடு அவரே போகட்டும். ஆட்டம் தெரிந்த அப்பா கூட வருவது எல்லாப் பையன்களுக்கும் வாய்ப்பதில்லை.

பணம் வரத் தொடங்கினால்

அது இப்போதைக்குத் தூரம்தான் என்றாலும் ஏற்பாட்டை இப்போதே செய்துவிடலாம். மகன் பெயரில் வங்கிக் கணக்கு, மகன் பெயரில் பான் அட்டை. பரிசுத் தொகை, ஊக்கத்தொகை எதுவானாலும் நேராக அந்தக் கணக்குக்கு வரட்டும். முகவர் கணக்குக்கு வந்து, அவர் பங்கைக் கழித்து மீதி தருவது என்ற ஏற்பாட்டை ஒருபோதும் ஏற்காதீர்கள். அப்பா கணக்கிலும் போட வேண்டாம். சொந்தத் திறமையால் மைனர் சம்பாதிப்பது அவன் வருமானம்தான். வரிக் கணக்கிலும் அப்பாவின் வருமானத்தோடு சேராது. பிடித்த வரியில் திரும்பக் கிடைக்க வேண்டியது இருந்தால், கணக்குத் தாக்கல் செய்தால்தான் கிடைக்கும்.

முதல் சம்பளம் வந்த செய்தி ஊருக்குத் தெரிந்ததும் சொந்தபந்தம் வரும். அப்போது 'அப்பாவிடம் கேளுங்கள்' என்று அவன் சொல்லிக்கொள்ளட்டும், இல்லை என்று சொல்லும் வேலையை நீங்கள் இருவரும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை அவனே ஒரு தொகையாகச் சொல்லட்டும். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

இப்போதைக்கு வரிசை இது: வழக்கறிஞர் கடிதம், வங்கி, மகளின் கட்டணம், உடற்கல்வி ஆசிரியர். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் திருவாரூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்; பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. போகும்போது பத்திர வரைவு, காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டை, அடகுச் சீட்டு, மகனின் பிறப்புச் சான்றிதழ் நான்கையும் கையோடு எடுத்துப்போங்கள். வரைவின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பிவையுங்கள். ஆவணிக்குப் பிறகு உங்கள் மகன் முன் யாராவது புதிய பத்திரம் நீட்டினால், இரண்டையும் பக்கத்தில் வைத்து அவனோடு சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.